நூற்றில் 21 எங்கிருந்து வந்தது? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் பாடங்களைத் தமிழில் எழுதுகிற ஆசிரியர்களுக்கும், அவற்றைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புகிற குழுவினருக்கும் வணக்கம்.

காற்றைப் பற்றிய பாடத்தில் ஒரு வட்டப் படம் வரும். நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, மிச்சமிருக்கிற ஒன்றில் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் மற்றவையும். நான் படித்த காலத்திலும் அது இருந்தது, இப்போது மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் புத்தகத்திலும் இருக்கிறது. படத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, பூமி உண்டான நாளிலிருந்தே காற்று இப்படித்தான் இருந்தது, இனியும் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. அதில் ஏறக்குறைய முதல் பாதி முழுக்கக் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே இல்லை. இந்த வரலாற்றையும் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இது மேல்படிப்புக்கு உரியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த வட்டப் படத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஆர்கானையே எடுத்துக்கொள்வோம். 1890-களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு, காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் எடை போட்டுப் பார்த்தார். காற்றிலிருந்து வந்தது லிட்டருக்கு 1.257 கிராம், மற்றது 1.251 கிராம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அவர் விட்டுவிடவில்லை, துரத்திக்கொண்டே போனார். அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து 1894-இல் ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். இதுவரை பாடத்தில் சொல்லிவிடுகிறோம். அந்த ஆர்கான் காற்றுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வதில்லை. காற்றிலுள்ள ஆர்கானில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆர்கான்-40, பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 கதிரியக்கத்தால் சிதைந்து உண்டானது. இளஞ்சிவப்பு கிரானைட் பலகையில் பளபளவென்று தெரியும் சிவப்புத் துண்டுகள் இருக்கின்றனவே, அவை பொட்டாசியம் உள்ள கனிமம்தான். அதில் இந்த நிமிடமும் அந்தச் சிதைவு நடந்துகொண்டிருக்கிறது. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும். அப்படிப் பூமிக்குள் சிறுகச் சிறுக உண்டாகி, எரிமலை வழியாகவும் பாறை சிதையும்போதும் வெளியே வந்து சேர்ந்ததுதான் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இருக்கிற அந்த நூற்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காராத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இதே பாணியில் நியானையும் சொல்லலாம். சூரியனில் நைட்ரஜன் அணுக்களும் நியான் அணுக்களும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. பூமியின் காற்று சூரியன் உண்டான வாயு மேகத்தின் மிச்சம் என்றால் இங்கேயும் அவை அதே கணக்கில் இருக்க வேண்டும். நைட்ரஜன் 78 சதவீதம் இருக்க, நியான் வெறும் 0.0018 சதவீதம்தான். ஆகவே ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வாயு போய்விட்டது, இப்போது இருப்பது பிற்பாடு பூமிக்குள்ளிருந்தும், மோதிய விண்கற்களிலிருந்தும் வந்து சேர்ந்தது என்று இந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு மாணவியால் முடிவுக்கு வர முடியும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

அந்த முதல் காலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு கவனம் தேவை. 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிரப்பிய குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கிக் காட்டினார். அருமையான சோதனை, சொல்லித்தர வேண்டியதுதான். ஆனால் அந்தக் குடுவைக்குள் இருந்ததுதான் ஆதிக் காற்று என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. உருகிய பாறைக் கடலிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் வந்தன என்றே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூமி ஆற ஆற நீராவி மழையாகிக் கடலானது. நைட்ரஜன் லேசில் எதனோடும் சேராது, மழையோடும் கரைந்து போகாது, அதனால் அது பாட்டுக்குக் காற்றில் தங்கியது.

அந்தக் காற்று எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதைக்கூடக் கல்லில் படிக்க முடிகிறது. தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பல் மேல் மழை பெய்து, துளி விழுந்த குழிகள் அப்படியே கல்லாகியிருக்கின்றன. காற்று அடர்த்தியாக இருந்தால் துளி மெதுவாக விழும், குழி சிறிதாகும். குழிகளை அளந்து பார்த்தவர்கள், அன்றைய காற்றின் அடர்த்தி இன்று இருப்பதைப்போல் இரு மடங்கைத் தாண்டியிருக்க முடியாது என்று கணக்கிட்டார்கள். தூறல் போடும்போது மணல் தட்டில் இந்தக் குழிகளைப் பிள்ளைகளே உண்டாக்கிப் பார்க்கலாம், பத்துப் பைசா செலவில்லை.

சரி, ஆக்சிஜனுக்கு வருவோம். இங்கேதான் நம் பாடங்கள் ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன: தாவரங்கள் வந்தன, ஆக்சிஜன் தந்தன, விலங்குகள் வந்தன. மரம் செடி கொடி நிலத்துக்கு வந்தது சுமார் 47 கோடி ஆண்டுக்கு முன். காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது 240 கோடி ஆண்டுக்கு முன். நடுவில் இருக்கிற 190 கோடி ஆண்டை எங்கே விட்டோம்?

முதலில் அந்த வேலையைச் செய்தது நீலப்பச்சைப் பாசி. பாசி என்று வழக்கத்தில் சொன்னாலும் அது பாக்டீரியா. சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து, ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விட முதலில் கற்றுக்கொண்ட உயிர் அதுதான். (ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை. 1941-இல் கன ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்தே இதைக் காட்டிவிட்டார்கள், இன்னமும் பல வகுப்பறைகளில் மாற்றித்தான் சொல்கிறார்கள், இதையும் திருத்திவிடுங்கள்.) நீலப்பச்சைப் பாசியை அறிமுகப்படுத்த நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். நம் நெல் வயல்களில் அதைத்தான் உயிர் உரமாகப் போடுகிறோம், அசோலா என்ற நீர்ப் பெரணியின் இலைக்குள்ளும் அது குடியிருக்கிறது. காற்றை மாற்றியமைத்த அந்தக் கூட்டத்தின் வாரிசு தன் ஊர் வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

அது ஆக்சிஜனை விட்டதும் காற்று நிறைந்துவிடவில்லை. இதுதான் இந்தக் கதையிலேயே சுவையான இடம், தயவுசெய்து இதை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அன்றைய கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. ஆக்சிஜன் உள்ள இன்றைய கடலில் இரும்பு அப்படிக் கரைந்து நிற்கவே முடியாது, உடனே துருவாகி அடியில் விழுந்துவிடும். அன்று இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிக் கடலடியில் படிந்து வரிவரியான பாறைகளாயின. ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி, கர்நாடகத்தில் 2005-உடன் மூடப்பட்ட குதிரேமுக், சத்தீஸ்கரின் பைலடிலா என்று உலகின் பெரிய இரும்புச் சுரங்கங்கள் பலவும் இந்த வரிப்பாறைகள்தான். நமக்கும் ஒன்று இருக்கிறது, சேலத்துக்குப் பக்கத்தில், கஞ்சமலை. அமாவாசைக்கு அமாவாசை சித்தர் கோயிலுக்குக் கூட்டம் கூடுகிற அதே மலை. அங்கே உள்ள கல்லைக் கையில் எடுத்தால் கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி என்று மாறி மாறித் தெரியும். கறுப்பு வரி மேக்னடைட் என்ற இரும்புத் தாது, காந்தத்தைக் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும். வெள்ளை வரி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்து, அப்புறம் பூமிக்குள் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து மேலே வந்த கல். அந்த இரும்பைத் துருவாக்கியது நீலப்பச்சைப் பாசி விட்ட ஆக்சிஜனா, ஒளியைக் கொண்டு நேரடியாக இரும்பையே துருவாக்கும் வேறு பாக்டீரியாவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது, அதையும் அப்படியே பிள்ளைகளிடம் சொல்லலாம். ஆனால் கடலில் இரும்பு கரைந்து நிற்கும் அளவுக்கு ஆக்சிஜன் இல்லாத உலகம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்த மலையே சாட்சி. சேலம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறோம்?

காற்றிலும் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு வேறு சாட்சிகள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில், 280 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஆற்றுப் படிவுகளில், பைரைட் மணிகள் ஆற்றில் உருண்டு உருண்டு கூழாங்கல்போல் வழவழப்பாகிக் கிடக்கின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. இன்றைய காற்றும் தண்ணீரும் பட்டால் அவ்வளவு தூரம் உருளும் முன்பே துருவாகிச் சிதைந்துவிடும். அப்புறம் கந்தகம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அதிலிருந்து உண்டாகும் ஓசோனும் இருக்காது. ஓசோன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் தடையில்லாமல் கீழே வந்து கந்தக வாயுக்களைத் தாக்கும்போது கந்தக ஐசோடோப்புகளில், அதாவது எடை மாறுபட்ட கந்தக அணுக்களின் விகிதத்தில், வழக்கத்துக்கு மாறான ஒரு கணக்கு உண்டாகிறது. அந்தக் கணக்கு பழைய பாறைகளில் இருக்கிறது, சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்போடு மறைந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதை வெளியிட்டபோது, ஆக்சிஜன் காற்றில் எப்போது தங்கியது என்ற நீண்ட காலச் சண்டை பெருமளவு ஓய்ந்தது.

அந்தக் காலத்து உயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள், அதனால் சாண எரிவாயுக் கலனைக் காட்டுங்கள். அதை ஏன் காற்றுப் புகாமல் மூடுகிறோம்? உள்ளே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் பட்டால் தாங்காது. ஒரு காலத்தில் பூமியின் திறந்தவெளியே இப்படிப்பட்ட உயிர்களுக்குச் சொந்தமாக இருந்தது. ஆக்சிஜன் ஏறியதும் சேற்றுக்கும் சதுப்புக்கும் மாட்டின் வயிற்றுக்கும் ஒதுங்கிக்கொண்டன. அந்தக் கட்டத்தை ஒட்டிப் பெரும் பனி யுகமும் வந்தது. காற்றைச் சூடாக வைத்திருந்த மீத்தேனை ஆக்சிஜன் அழித்துவிட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அடுத்த நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆக்சிஜன் இன்றைய அளவைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அதைப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகலாம். சுமார் 80 கோடியிலிருந்து 54 கோடி ஆண்டுக்கு முன்பு வரையிலான காலத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது, விலங்குகளும் வந்தன. நிலத்தில் காடுகள் வந்த பிறகு இன்னும் ஏறியது. சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன், நிலக்கரிக் காடுகளின் காலத்தில், 30 சதவீதத்தை ஒட்டிப் போயிருக்கும் என்று மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. அப்போதுதான் மெகானியூரா என்ற தட்டான் வகைப் பூச்சி, இறக்கையை விரித்தால் இரண்டடிக்கு மேல், பறந்துகொண்டிருந்தது.

இப்போது என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். "மரங்கள்தான் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைத் தருகின்றன, மரம் அழிந்தால் மூச்சு நின்றுவிடும்" என்று சுவரில் எழுதுகிறோம், பேச்சுப் போட்டியில் பேசவைக்கிறோம், அமேசான் காடு உலகின் நுரையீரல் என்று எழுதுகிறோம். கணக்கு அப்படி இல்லை. ஒரு மரம் விட்ட ஆக்சிஜன், அந்த மரமே மூச்சு விடும்போதும், அதன் இலையும் கட்டையும் மக்கும்போதும், யாரோ எரிக்கும்போதும் திரும்பச் செலவாகிவிடுகிறது. முதிர்ந்த காட்டில் வரவும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். மக்காமல், எரியாமல், சேற்றுக்கும் கடலடிக்கும் கீழே புதைந்துபோன கார்பனுக்கு ஈடான ஆக்சிஜன் மட்டும்தான் காற்றில் மிச்சமாக நிற்கிறது. புதைந்த ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும், ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியையும், எண்ணெய்க் கிணறுகளையும், இவை எல்லாவற்றையும்விடப் பன்மடங்கு அதிகமாகக் களிமண் பாறைகளில் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கும் கார்பனையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 21 சதவீதத்தின் கணக்கு நேராகும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த இருப்பு அது. நாளைக்கே ஒளிச்சேர்க்கை நின்றாலும் மூச்சுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் பஞ்சம் வராது, சோற்றுக்கு உடனே வந்துவிடும்.

மரம் நடச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிழலுக்கு, மழைநீர் மண்ணில் இறங்க, மண் அரிக்காமல் நிற்க, பறவைக்கு, கார்பனைப் பிடித்து வைக்க என்று நட ஆயிரம் உண்மையான காரணம் இருக்கும்போது ஒரு பொய்யான காரணத்தை ஏன் பிள்ளை வாயில் போடுகிறோம்? அதோடு, பயப்பட வேண்டிய இடத்திலிருந்து கவனத்தை அது திருப்பிவிடுகிறது. நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் ஆக்சிஜன் குறைவது உண்மைதான், அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் கீலிங் 1980-களின் கடைசியிலிருந்து அதைத் துல்லியமாக அளந்துவருகிறார். ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு. 2,09,000 பங்கு இருக்கிற இடத்தில் 4 குறைந்தால் யாருக்கும் மூச்சுத் திணறாது. அதே எரிப்பில் வரும் கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லை, அது இருப்பதே கொஞ்சம். அதனால் கொஞ்சம் ஏறினாலும் விகிதம் எங்கேயோ போய்விடுகிறது.

அதற்கும் நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமென்ட் ஆலைக்குப் போவதைப் பார்க்காத பிள்ளை அங்கே இருக்காது. அந்தக் கல் டைனோசர் காலத்தில், கிரெட்டேசியஸ் கடலில் படிந்தது, வாரணவாசி அருங்காட்சியகத்தில் அந்தக் கடலின் சிப்பிகளும், அம்மோனைட்டுகள் என்ற அழிந்துபோன சுருள் ஓட்டு உயிர்களும் இருக்கின்றன. கல்லின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துக்கொண்டு குமிழி வரும். அந்தக் குமிழி கார்பன் டை ஆக்சைடு. காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து, பாறையை அரித்து, ஆறு வழியாகக் கடலுக்குப் போய், சிப்பியின் ஓடாகி, சுண்ணாம்புக்கல்லாகிப் பூட்டப்பட்டது. வெள்ளிக் கோளின் காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல். பூமியில் உள்ள சுண்ணாம்புப் பாறைகளையெல்லாம் வாயுவாக்கினால் ஏறக்குறைய அதே அளவு வரும். நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம், நம் பங்கு கல்லுக்குள் இருக்கிறது. ஆலைச் சூளையில் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு திரும்பக் காற்றுக்குப் போகிறது. எரிக்கும் கரியின் புகை தனிக் கணக்கு.

இந்த மழை, பாறை, எரிமலைச் சுழற்சிதான் லட்சக்கணக்கான ஆண்டுகளில் பூமியின் சூட்டைச் சமநிலையில் வைத்திருக்கிறது. அது ரொம்ப மெதுவானது. அண்டார்க்டிகாவின் பனிக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை எடுத்து அளந்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 280. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. காற்றின் நீண்ட வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான் இந்த எண்களின் கனம் புரியும். முன்பு இதைவிட அதிகமாக இருந்த காலமும் உண்டே என்று யாராவது கேட்டால், ஆமாம், அரியலூர்க் கல் படிந்த காலத்தில் இருந்தது, அப்போது துருவங்களில் பெரும் பனிப்பாளங்கள் இல்லை, கடல் அரியலூர் வரை வந்திருந்தது என்று அந்தப் பிள்ளையே பதில் சொல்லும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அந்த வட்டப் படம் இருக்கட்டும், அதற்குக் கீழே ஒரு காலக்கோடு போடுங்கள், 454 கோடியிலிருந்து இன்று வரை, ஆக்சிஜன் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று. அதோடு ஒரு பக்கம் எழுத்து. கஞ்சமலைக் கல்லின் வண்ணப் படம் ஒன்று, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் படம் ஒன்று. செய்முறைக்குக் காந்தமும் வினிகரும் போதும். "காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்வியை எடுக்க வேண்டாம், கூடவே "கஞ்சமலைக் கல்லில் இரும்பு ஏன் வரிவரியாக இருக்கிறது?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று கேளுங்கள். தேர்வில் கேட்டால்தான் வகுப்பில் நடத்துவார்கள், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நுரையீரல் வாசகத்தை மட்டும் அடுத்த பதிப்பு வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடச் சொல்லி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். கல் மாதிரிகளும், கல்லின் படங்களும், காலக்கோட்டுக்கான வரைவும் என்னிடம் இருக்கின்றன. கேட்கிற எந்த ஆசிரியருக்கும், எந்தக் குழுவுக்கும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் படித்த, மாலை வகுப்பு எடுக்கும் ஒருவர்